வேலியோரப் பள்ளிகள் – கடிதம்

அன்புள்ள சார்,

அயர்லாந்தில் கத்தோலிக்கர் பள்ளி நடத்தத் தடை இருந்தபோது, வேலி மறைவில் உட்கார்ந்து பிள்ளைகள் பாடம் படித்ததைப் பற்றி ஓர் உரையில் சொன்னீர்கள். ஐரிஷ் மொழி பிழைத்தது அந்தப் பள்ளிகளால்தானா?

முரளி

அன்புள்ள முரளி,

ஆமாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு.

1695ஆம் வருடச் சட்டப்படி கத்தோலிக்கர் பள்ளி நடத்தினால் 20 பவுண்டு அபராதம், மூன்று மாதம் சிறை. 1709இல், வாத்தியாரைக் காட்டிக்கொடுத்தால் 10 பவுண்டு சன்மானம் என்றார்கள். அதனால்தான் வேலியோரம், எட்டத்தில் காவலுக்கு ஒரு பையன். ஆனால் இந்தக் கெடுபிடி போகப்போகத் தளர்ந்தது. 1731இல் அரசே கணக்கெடுத்து, 549 கத்தோலிக்கப் பள்ளிகள் நடப்பதாக எழுதி வைத்தது. 1782இல் புராட்டஸ்டண்ட் பிஷப்பிடம் உரிமம் வாங்கிக்கொண்டு நடத்தலாம் என்றானது, பத்தே வருடத்தில் அந்த உரிமமும் வேண்டாம் என்றார்கள். 1824இல் அரசு ஒரு குழு வைத்துப் பள்ளிகளைப் பற்றி விசாரித்தபோது இப்படிச் சுமார் 9,000 பள்ளிகள். பெயர்தான் வேலி, பாடம் நடந்தது மண் குடிசையிலும் தானியக் கொட்டகையிலும்.

உட்காரக் கல். குளிர்காலத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு எரிமண் கட்டி கொண்டுவர வேண்டும், அடுப்புக்கு. கட்டணம் பாடத்துக்குப் பாடம் வேறு: வாசிக்க ஒரு தொகை, எழுத அதைவிடக் கூட, கணக்குக்கு இன்னும் கூட. காசில்லாதவர்கள் வெண்ணெயோ முட்டையோ கொடுப்பார்கள். பாடப்புத்தகம் என்று தனியாகக் கிடையாது, வீட்டில் இருப்பதை எடுத்து வரலாம். வழிப்பறிக்காரன் ஃப்ரெனியின் கதையைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்தது விசாரணைக் குழுவுக்குப் பெரிய மனவருத்தம். நான் படித்த பாடப்புத்தகங்களுக்கு ஃப்ரெனி எவ்வளவோ மேல் என்று நினைக்கிறேன், அது கிடக்கட்டும்.

காசு கொடுத்தவர்கள் பெற்றோர்கள், அவர்கள் கேட்டது ஆங்கிலம். குத்தகைச் சீட்டு, கோர்ட்டு, சந்தை, அமெரிக்கக் கப்பல், எல்லாமே ஆங்கிலத்தில். வாத்தியார்களில் அருமையான ஐரிஷ் கவிஞர்கள் இருந்தார்கள். கிளேர் மாவட்டத்தில் ஃபீக்கிள் ஊர் வாத்தியார் பிரையன் மெரிமன் அப்படியொருவர், கணக்கில் பேர்போனவர். வாத்தியார் கவிஞரே ஆனாலும் பெற்றோர் பையனை அனுப்பியது கவிதைக்காக அல்ல.

பல ஊர்களில் பையன் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிடுவார்கள். ஐரிஷில் பேசினால் ஒரு வெட்டு. பள்ளியில் வாத்தியார் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி கொடுப்பார். வீட்டில் பேசினால் அந்த வெட்டைப் போட்டது அப்பா அம்மாதான். 1831இல் வந்த அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலம்தான். ஆனால் பழியை முழுக்க அவற்றின் மேல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, அரசு வரும் முன்பே அந்தக் குச்சி வந்துவிட்டது.