கூடமே கோணல்தான்

அன்புள்ள சார்,

பழைய டிவி கேம்களைக் கிண்டலடித்து நீங்கள் எழுதியவற்றைப் படித்த வேகத்தில், போன ஞாயிறு பாண்டிச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு டிவி கேம் பெட்டியை வாங்கிவிட்டேன். இரண்டு கன்ட்ரோலர், ஒரு துப்பாக்கி, ‘9999999 இன் 1’ கேசட். விற்றவர் போட்டுக் காட்டியபோது பாட்டு சரியாக வந்தது, படம் மட்டும் கட்டம் கட்டமாகச் சிதறியது. அடாப்டர் தரவில்லை. வீட்டில் பழைய இன்டர்நெட் ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டர் இருக்கிறது, பின் கச்சிதமாகப் பொருந்துகிறது. போடலாமா?

அதற்கிடையில் லேப்டாப்பில் எமுலேட்டர் (பழைய கேம் பெட்டி போல நடிக்கும் மென்பொருள்) போட்டு ரோடு ஃபைட்டர் என்ற கார் கேம் ஆடிப் பார்த்தேன். பள்ளி நாளில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியது, இப்போது முதல் லெவலே தாண்டவில்லை. வயதாகிவிட்டதா? எல்இடி டிவியில் டக் ஹன்ட் கேமின் வாத்தைத் துப்பாக்கியால் சுட முடியுமா? மகளுக்குப் பத்து வயது. மரியோ, கான்ட்ரா தவிர யாரும் சீண்டாத கேம்களில் எதைக் கொடுக்கலாம்?

ச., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ச.,

முதலில் அந்த அடாப்டரைக் கீழே வையுங்கள். பின் பொருந்தினால் மட்டும் கல்யாணம் நடக்காது. இங்கே பார்க்கவேண்டிய பொருத்தம் இரண்டு: வோல்ட், துருவம். இரண்டாவது பொருந்தாவிட்டால் பெட்டி அன்றைக்கே போய்விடும்.

ரூட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். நம் பெட்டிகளின் மூலமான, நின்டெண்டோ கம்பெனியின் ஜப்பானியப் பெட்டி ஃபேமிகாமில் நடுமுனை நெகட்டிவ். நகல் பெட்டிகள் இரண்டு விதமாகவும் வந்தன, பல பெட்டிகளில் மாற்றிக் கொடுத்தால் தடுக்கும் டையோடும் கிடையாது. அடியில் ஸ்டிக்கர் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் பெட்டியைத் திறந்தால் 7805 என்று எழுதிய மூன்று கால் ரெகுலேட்டர் தெரியும். எழுத்து உங்களைப் பார்க்கும்படி வைத்தால் இடது கால் உள்ளே வரும் மின்சாரம், நடுக்கால் கிரவுண்ட், வலது கால் 5 வோல்ட். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் இடத்தில் வைத்து, அடாப்டர் சாக்கெட்டின் எந்த முனை அந்த நடுக்காலோடு ஒலிக்கிறது என்று பாருங்கள். அதுதான் நெகட்டிவ். சாக்கெட்டின் நடு ஊசி ஒலித்தால் உங்களுக்கு வேண்டியது நடுமுனை நெகட்டிவ் அடாப்டர்.

வோல்ட் 9 போதும், 500 மில்லிஆம்பியருக்குக் குறையக் கூடாது. 12 கொடுத்தால் உடனே எரியாது, ஆனால் மிச்சமான 7 வோல்ட்டையும் ரெகுலேட்டர் சூடாகத்தான் வெளியே தள்ளும். பெட்டி 0.4 ஆம்பியர் இழுத்தால் 2.8 வாட். 9 வோல்ட்டில் அது 1.6 வாட்டோடு நின்றுவிடும். உள்ளே ஹீட் சிங்க் என்ற பெயரில் ஒரு தகரத் துண்டுதான் இருக்கும், சில பெட்டிகளில் அதுவும் இருக்காது. மே மாதக் கடலூர் வெயில் வேறு.

அடுத்து, சிதறிய படம். பாட்டு சரி, படம் மட்டும் குப்பை என்று நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே நோய் பாதி பிடிபட்டுவிட்டது. கேசட்டுக்குள் இரண்டு தனித் தடங்கள் உண்டு: ஆட்டத்தின் நிரல் ஒரு தடத்தில், ஓவியத் துணுக்குகள் இன்னொன்றில். நிரல் தடம் தொடர்பு விட்டால் திரை ஒரே நிறமாக உறைந்து நிற்கும், பாட்டும் வராது. பாட்டு வந்து படம் சிதறினால் நிரல் ஓடுகிறது, ஓவியத் தடத்தின் பின்களில் அழுக்கு. சிப் செத்திருக்க வாய்ப்பு குறைவு.

நம் கடற்கரை ஊர்களில் அந்த அழுக்கு பெரும்பாலும் உப்புக்காற்றில் செம்பில் ஏறிய களிம்பு. கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 வீதம் 60 பின்கள். வெள்ளைப் பென்சில் ரப்பரால் பின்களின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காதுக்குச்சியால் துடையுங்கள். குச்சி கறுக்காமல் வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். கொரோனா காலத்து சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். உப்புத்தாள் மேல்பூச்சையே உரித்துவிடும். புளி போடலாமா என்று யாராவது கேட்பார்கள்: இது குத்துவிளக்கு இல்லை.

பெட்டியின் வாய்க்கும் இதே வைத்தியம்தான். காலாவதியான ஏடிஎம் கார்டில் மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுற்று சுற்றி, ஆல்கஹால் நனைத்து, நேராக உள்ளே விட்டு எடுங்கள், பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். பத்து நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். கேசட்டை வாயால் ஊதும் நம் தேசிய வைத்தியத்தை விட்டுவிடுங்கள். எச்சிலின் ஈரம்தான் அடுத்த களிம்புக்கு விதை. ஊதியதும் படம் வந்ததே என்பீர்கள். கழற்றி மாட்டியதில் பின்கள் உராய்ந்ததால் வந்தது, ஊதியதால் அல்ல. திறந்து பார்க்கையில் சிப்புக்குப் பதில் கறுப்புத் தார் சொட்டு போல ஒன்று இருந்தால் பயப்படாதீர்கள், மலிவு கேசட்டுகளில் சிப் அப்படித்தான் இருக்கும். துடைத்த பின்னும் அதே கோளாறு என்றால்தான் சொட்டுக்குள் சிக்கல். அதற்கு வைத்தியம் கிடையாது.

கன்ட்ரோலரில் ஒரே ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யாவிட்டால் வயரை வெட்டி ஒட்டாதீர்கள். எட்டு பட்டன்களின் சேதியும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகிறது. ஆகவே வயர் அறுந்தால் எல்லாம் சேர்ந்து சாகும். ஒரு பட்டன் மட்டும் என்றால் அதன் அடியிலுள்ள கறுப்புக் கார்பன் ரப்பரையும் அது தொடும் இடத்தையும் துடைத்தால் போதும்.

இனி உங்கள் வயது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். உங்கள் விஷயத்தில் கூடமே கோணல்தான்.

இந்த கேம்கள் ஜப்பானியத் தொலைக்காட்சிக்காக எழுதப்பட்டவை, நொடிக்கு 60 படம். ஒரு படத்துக்கு ஒரு அடி என்று கார் நகரும். நம் ஊர் டிவி அப்போது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50 படம். ஆகவே நீங்கள் பழகிய எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடின. ரோடு ஃபைட்டர் திரையில் 400 கிலோமீட்டர் என்று காட்டும்போது மஞ்சக்குப்பத்தில் நீங்கள் ஓட்டியது 333தான். எமுலேட்டர் தானாகவே ஜப்பானிய வேகத்தை எடுத்துக்கொண்டதால், லேப்டாப்பில் உங்களுக்கு முன்னால் வந்தது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம். விரல்கள் பழைய தாளத்தில் போகின்றன, லாரி புதிய தாளத்தில் வருகிறது.

சரிசெய்வது சுலபம். மெசென், எஃப்சிஇயுஎக்ஸ் என்ற எமுலேட்டர்கள் இரண்டிலும் ‘ரீஜன்’ என்ற தேர்வு உண்டு, அதில் ‘டென்டி’ என்பதைப் போடுங்கள். டென்டி 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல் பெட்டி. நம் ஊருக்கு வந்த பால் பெட்டிகளும் பெரும்பாலும் அதே குடும்பம்தான். அதற்கு மேலே இருக்கும் ‘பால்’ என்பதைப் போட்டுவிடாதீர்கள். அது ஐரோப்பாவில் விற்ற அசல் நின்டெண்டோவின் கணக்கு. அதில் செயலியின் துடிப்பு 1.66 மெகாஹெர்ட்ஸ், ஜப்பானில் 1.79. அதனால் பாட்டின் வேகம் குறைவதோடு சுருதியும் அரைக் கட்டைக்கு மேல் இறங்கிவிடும். நகல் சிப் செய்த தைவான்காரர்கள் துடிப்பை 1.77இல் வைத்தார்கள். பால் முறையில் ஒரு படத்தை வரையக் கூடுதலாக வரும் 50 கிடைவரிகளையும், ஜப்பானிய நிரலுக்குத் தெரியாத இடத்தில் சொருகிவிட்டார்கள். அதனால் தாளம் மட்டும் தளர்ந்தது, சுருதி ஏறக்குறைய அப்படியே நின்றது, நிரலும் உடையவில்லை. திருட்டு நகலில் இவ்வளவு மரியாதையான வேலைப்பாடு இருந்ததற்காகவே அவர்களைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

வாத்து விஷயத்தில் நல்ல சேதி இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அந்த நேரத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கும். எல்இடி டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, சில படங்கள் தாமதமாகத்தான் காட்டும். கட்டம் வருவதற்குள் பெட்டி தீர்ப்பு எழுதிவிடும். படக்குழாய் டிவியின் துடிப்புக்கென்று அமைந்த துப்பாக்கிக்கு எல்இடி வெளிச்சம் ஒத்தும் வராது. எமுலேட்டரில் மவுஸால் சுடலாம், அல்லது பழைய குண்டு டிவி தேடுங்கள். ஒரு துணைத் தகவல்: ஒரே வாத்து வரும் முதல் ஆட்டத்தில், துப்பாக்கி இரண்டாம் போர்ட்டில் இருக்கும்போது முதல் கன்ட்ரோலரின் திசைப் பட்டனால் வாத்தை ஓட்டலாம். தம்பி சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்று நம்பியவர்கள் பழைய தோல்விகளை மறுபரிசீலனை செய்யலாம்.

(பெட்டியை எல்இடியில் மாட்டும்போது மஞ்சள் வயரில் படம் வராவிட்டால் அதையே சிவப்பு, வெள்ளைத் துளைகளிலும் மாற்றிச் சொருகிப் பாருங்கள். டிவியின் சிறு வட்டத் துளையில் மாட்டும் 3.5 மில்லிமீட்டர் ஏவி வயர்களில் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிறகு டிவியில் கேம் மோடு போட்டுவிடுங்கள்.)

இனி கேசட். ஒரு கேமுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் 9999999ஐ முடிக்க இரவு பகல் தூங்காமல் 19 வருடம் ஆகும். நல்லவேளையாக உள்ளே இருப்பவை கொஞ்சம்தான், அவையே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். ஆனால் எல்லாமே அச்சு அசல் இல்லை. சிலவற்றில் தொடங்கும் லெவலை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள். அதனால்தான் ஒரே கேம் 14ஆம் எண்ணில் எளிதாகவும் 314ஆம் எண்ணில் கொடூரமாகவும் இருக்கும்.

இந்த வகைக் கேசட்டுகளில் தலைகாட்டும், எல்லோரும் ரீசெட் அழுத்திவிட்டுத் தாண்டிப் போன கேம்களில் முதலிடம் ‘ரெய்டு ஆன் பங்கெலிங் பே’வுக்கு. ஹெலிகாப்டர் கேம். வலது பக்கம் போக வலது பட்டனை அழுத்தினால் ஹெலிகாப்டர் நின்ற இடத்தில் சுற்றும். கேசட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பீர்கள். கெடவில்லை. இடமும் வலமும் மூக்கைத் திருப்ப மட்டும், மேல் பட்டன் வேகம் கூட்ட, கீழ் பட்டன் குறைக்க. இது கைவந்துவிட்டால் ஆட்டத்தின் சுவையே வேறு. ஆறு தொழிற்சாலைகளை அழிக்க வேண்டும், கையில் ஒன்பது குண்டுகள்தான், தீர்ந்தால் கப்பலுக்குத் திரும்பி நிரப்ப வேண்டும். கப்பலை விட்டு ரொம்பத் தூரம் போனால் அதை அடித்துவிடுவார்கள். நீங்கள் வேடிக்கை பார்க்கும் நேரமெல்லாம் தொழிற்சாலைகள் வளர்ந்துகொண்டே இருக்கும். எழுதியவர் வில் ரைட், 1984. இதற்காகத் தீவுகளை வரையும் கருவி ஒன்றைச் செய்தவர், குண்டு போடுவதைவிட ஊர் கட்டுவதுதான் சுவாரஸ்யம் என்று கண்டார். 1989இல் ஊர் கட்டும் கேமான சிம்சிட்டி வந்தது.

‘சாக் அன் பாப்’ இன்னொன்று. மஞ்சள் உருண்டை ஒன்று தரையிலும் கூரையிலும் நடக்கும். ஒரு பட்டன் இடப்பக்கம் குண்டு போடும், மற்றது வலப்பக்கம். குண்டு உருண்டு திரும்பி வந்து உங்களையே கொல்லும். முதல் பத்து உயிர்கள் இப்படித்தான் போகும். தந்திரம், சுவரைப் பார்த்துப் போடாமல் இறக்கத்தைப் பார்த்துப் போட்டு எதிர்ப்பக்கம் நகர்வது. திரையின் உச்சியில் ஒருவன் பாறையைத் தள்ளிக்கொண்டே வருகிறானே, அவன் அலங்காரமில்லை, அவன்தான் கடிகாரம். டைட்டோ கம்பெனி 1986இல் வெளியிட்ட பபிள் பாபிள் கேமின் சில பேய்கள் இங்கிருந்து போனவைதான்.

‘டெவில் வேர்ல்டு’ மரியோவைச் செய்த மியாமோட்டோவின் 1984ஆம் ஆண்டு வேலை, ஆனால் 2023 வரை அமெரிக்காவில் வெளிவரவே இல்லை. சிலுவையும் பைபிளும் ஆட்டத்தில் வருவதை நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை விரும்பவில்லை. மேலே நிற்கும் சாத்தான் கைகாட்டிய திசையில் முழுத்திரையும் நகரும், சுவருக்கும் விளிம்புக்கும் இடையில் மாட்டினால் நசுங்கிப் போவீர்கள். பாதையெங்கும் கிடக்கும் புள்ளிகளைத் தின்ன முடியவில்லையே என்று திணறுபவர்கள் முதலில் சிலுவையை எடுக்கவேண்டும். அது இல்லாமல் தின்னவும் முடியாது, நெருப்பு கக்கவும் முடியாது.

‘ஸ்பெலங்கர்’ பற்றி என்ன சொல்ல. அந்தக் குகை ஆய்வாளர் தன் உயரத்துக்குக் குறைவான பள்ளத்தில் விழுந்தாலே இறப்பார். வௌவால் எச்சம் பட்டால் இறப்பார். சரிவில் இறங்கும்போது குதித்தால் இறப்பார். ஜப்பானில் பலவீனத்துக்கே பெயர்போன நாயகன். கயிற்றிலிருந்து தாண்ட திசைப் பட்டனும் ஏ பட்டனும் ஒரே சமயம் அழுத்த வேண்டும், திசையை மட்டும் தொட்டால் கதை முடிந்தது. லிஃப்டின் தளம் தரையோடு சமமான பிறகே காலை எடுத்து வையுங்கள். கிண்டலைத் தாண்டி, இது நேர்மையான கேம்: எதனால் செத்தீர்கள் என்பதில் ஒருநாளும் சந்தேகம் வராது.

மகளுக்கு இதெல்லாம் வேண்டாம், ‘பைனரி லேண்ட்’ கொடுங்கள். ஹட்சன் கம்பெனி, 1985. இரண்டு பென்குவின்கள், ஒரே கன்ட்ரோலர். ஒன்று வலப்பக்கம் போனால் மற்றது இடப்பக்கம் போகும். உச்சியிலுள்ள இதயக் கூண்டின் இரு பக்கமும் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்க வேண்டும். இரண்டு பக்கச் சுவர்களும் ஒன்றுபோல் இருக்காது என்பதுதான் சிக்கல், அதுவே சாவியும்: ஒன்றைச் சுவரில் முட்டி நிற்கவைத்துவிட்டு மற்றதை மட்டும் நகர்த்தலாம். சிலந்தி வலையில் ஒன்று சிக்கினால் மற்றது போய் மருந்தடித்து விடுவிக்கும். இரண்டும் சிக்கினால் ஒரு உயிர் போச்சு. மெனுவில் அந்தப் பெயர் நாலைந்து இடத்தில் இருந்தால், எண் எது சிறியதோ அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.