சங்குப்பூ விதை முளைக்கவே இல்லை. கொடிகளுக்கு நர்சரிக் கன்றுதான் சரியா? செங்காந்தளும் விதையில் வருமா?

கன்று வாங்குவதில் தப்பில்லை. ஆனால் பூங்கொடியெல்லாம் விதையில் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடிக் கம்பியில் ஓடுகிற சங்குப்பூ, மயில்மாணிக்கம் இரண்டும் விதை போட்டு வந்தவைதான்.

உங்கள் விதை கெட்டுப்போயிருக்காது. சங்குப்பூ விதைக்குத் தோல் ரொம்பக் கெட்டி, தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே ஊன்றினால் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். எங்கள் அத்தை அம்பாசமுத்திரத்துக்காரர். காய்ந்த நெற்றை வெடித்துச் சிதறுமுன் பறித்து, விதையை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வைத்துத் தேய்ப்பார். தோல் ஓரிடத்தில் வெளுத்தால் போதும். ராத்திரி டம்ளர் தண்ணீரில் போட்டால், விடிந்ததும் சில விதை உப்பி மெத்தென்றிருக்கும், சில கல்லாகவே கிடக்கும். உப்பியதை ஊன்றிவிட்டு, மற்றதை மறுபடி தேய்ப்பார். நான் தேய்ப்பது உப்புத்தாளில், அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்றிரண்டு வாரத்தில் முளை தெரியும்.

தேய்க்காமலே எங்கள் வீட்டில் முளைத்தது என்று இங்கே சிலர் சொல்வீர்கள். முளைக்கும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று வரும். தொட்டி வைத்திருப்பவருக்கு அது சரிப்படாது.

சித்திரை, வைகாசியில் நம் ஊர் மாடியில் தொட்டி மண் கொதிக்கும். ஆடிக்குப் போடுங்கள். சங்குப்பூவுக்குப் பற்றுச்சுருள் கிடையாது, தண்டே சுற்றி ஏறும். பருத்த பைப்பைப் பிடிக்கத் திணறும், சணல் கயிறு கட்டிவிடுங்கள்.

சுவரில் வேர் விட்டு ஒட்டுகிற கொடியும் இல்லை அது. இதை எங்கள் பழைய வீட்டுக்காரரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சுவர் வெடிக்கும், பாம்பு ஏறும் என்று, நாங்கள் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து அடியோடு அறுத்துப் போட்டுவிட்டார். அவ்வளவு பூ, அவ்வளவு பிஞ்சு. வாடகை ஒரு மாதம் தள்ளிப் போனதில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள் பூ வளர்க்கக் கூடாதா?

சரி, செங்காந்தள். விதையில் வரும், ஆனால் பூக்க வருஷக்கணக்கில் ஆகும், கிழங்கு ஊன்றுங்கள். செடி முழுக்க விஷம், கிழங்கும் விதையும் உட்பட. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேண்டவே வேண்டாம்.