பெட்டிஷன் எழுதும் கையால் ஒரு நன்றிக் கடிதம்: கேள்வி பதில்

ஊட்டியில் ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். வரும் கடிதங்களைப் பிரித்து, முத்திரை குத்தி, எண் போட்டு மேலே அனுப்ப வேண்டும். புகார் கட்டுக்கட்டாக வரும். நன்றி சொல்லி ஒன்று வந்துவிட்டால் அன்று டீக்கடையில் அதுதான் பேச்சு. நல்லபடி வேலை செய்தவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அம்மாவின் இன்சுலின் பையை அரசுப் பேருந்தில் விட்டுவிட்டோம். நடத்துநர் அடுத்த டிரிப்பில் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். பெயர் கேட்க மறந்துவிட்டேன். யாருக்கு, எப்படி எழுதுவது? (கோத்தகிரி)

டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, என்றைக்கு, எத்தனை மணி வண்டி என்று எழுதுங்கள். அன்று யாருக்கு டூட்டி என்பதைப் போக்குவரத்துக் கழகக் கிளையில் பார்த்துக்கொள்வார்கள். கடிதம் கிளை மேலாளருக்கு, ஒரு நகல் ஊட்டி மண்டலப் பொது மேலாளருக்கு.

என்ன எழுதுவது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ‘தன்னலமற்ற, போற்றுதலுக்குரிய, மனிதநேயமிக்க’ என்று அடுக்கினால் படிப்பவர் கண் தானாகக் கையெழுத்துக்கு இறங்கிவிடும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

‘செவ்வாய்க்கிழமை மாலை 4.20 வண்டியில் என் தாயாரின் இன்சுலின் பையை மறந்து இறங்கிவிட்டோம். நடத்துநர் பையை யாரிடமும் கொடுக்காமல் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். 6.45க்குத் திரும்பி வந்தபோது, உள்ளே இருந்ததை எங்களையே எண்ணிப் பார்க்கச் சொல்லி ஒப்படைத்தார். அன்று இரவு ஊசி தவறவில்லை.’

அவ்வளவுதான். கடைசியில் மட்டும், ‘இதை அவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய பணி ஆவணத்திலும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி. அது இல்லாவிட்டால் ‘பார்த்தேன், கோப்பில் வைக்கவும்’ என்று ஓரத்தில் எழுதி, கடிதம் அலமாரிக்குப் போய்விடும். அப்படி எத்தனையோ கடிதங்களை நானே கட்டி வைத்திருக்கிறேன். சேர்ப்பதும் விடுவதும் அதிகாரி முடிவு. கேட்டு வைப்போமே.

கொட்டும் மழையில் நின்ற எங்களுக்காக, ஸ்டாப்பே இல்லாத இடத்தில் ஓட்டுநர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். அதை அப்படியே எழுதலாமா? (கொடைக்கானல்)

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

நான் சூடு பட்டவன். ஒரு முறை கவுன்ட்டர் மூடின பிறகு போய் நின்றேன். உள்ளே இருந்தவர் பாவம் பார்த்து ஷட்டரைப் பாதி தூக்கி, பணத்தை வாங்கி ரசீது போட்டுக் கொடுத்தார். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். உருகி உருகி இரண்டு பக்கம் எழுதி அவருடைய மேலதிகாரிக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் அவருக்கு மெமோ: வேலை நேரம் முடிந்த பின் பணம் வாங்கியது ஏன், மூன்று நாளில் விளக்கம் தரவும். விஷயம் தெரிந்து நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “சார், இனிமே எனக்கு நன்றி மட்டும் சொல்லிடாதீங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஆகவே தபாலில் போடுமுன், ஒரு தணிக்கைக்காரர் படிப்பதாக நினைத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். ‘நனைந்து வந்த பெரியவர்களிடம் பொறுமையாக நடந்துகொண்டு, உட்கார இடம் பார்த்துக் கொடுத்தார்’ என்பதோடு நிறுத்துங்கள். வண்டி நின்ற இடம் உங்களுக்கும் அவருக்கும் தெரிந்தால் போதும். லாட்ஜில் காசு வாங்காமல் இன்னொரு கம்பளி கொடுத்த பெண்ணுக்கும் இதே கதைதான். கம்பளியை விட்டுவிட்டு, அறை சுத்தமாக இருந்ததை எழுதுங்கள்.

நடு இரவில் 108 வந்து என் மனைவியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனது. அந்த ஓட்டுநருக்கு எழுத வேண்டும். (கூடலூர்)

வாழ்த்துகள் தம்பி. ஓட்டுநரை அங்கே பைலட் என்பார்கள். அவரோடு பின்னால் மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்திருப்பார். நம் ஆட்கள் வண்டி ஓட்டியவரை மட்டும் ஞாபகம் வைத்து, வளைவுக்கு வளைவு உங்கள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவரை விட்டுவிடுவார்கள். இரண்டு பேரையும் குறிப்பிடுங்கள். அழைத்த தேதி, நேரம், வண்டி எங்கிருந்து வந்தது, இவை இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

மலை ரயிலில் பிரேக் பிடிக்கிறவர்களுக்கு எழுதினால் போய்ச் சேருமா? தமிழில் எழுதலாமா? (வெலிங்டன்)

நல்ல கேள்வி. 2005ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானதிலிருந்து எஞ்சினைப் போட்டோ எடுக்காதவர் இல்லை. கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரப் பாதையில், எஞ்சின் விசிலுக்குக் காது கொடுத்துக்கொண்டே பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்ஸ்மேனை யாரும் கவனிப்பதில்லை. குன்னூர் நிலைய மேலாளரிடம் நேரிலேயே கொடுங்கள். நகல் சேலம் கோட்ட மேலாளருக்கு. தாராளமாகத் தமிழில் எழுதலாம். கோட்டத்துக்குப் போகும் நகலோடு ஆங்கிலத்தில் நான்கு வரி சேர்த்தால் வேலை சுலபம்.

கவரில் ஐநூறு ரூபாய் வைக்கலாமா?

அரசு ஊழியருக்கு வைத்தால் வம்பு. தனியார் விடுதி என்றால் பணத்தைக் கையில் கொடுங்கள், கடிதத்தை முதலாளிக்கு அனுப்புங்கள். இரண்டையும் ஒரே கவரில் போடாதீர்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டால் போதாதா?

24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அஞ்சலட்டை 50 பைசாதான்.

எப்போது எழுதுவது நல்லது? (குன்னூர்)

அந்த வாரத்திலேயே. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 விழாக்களில் நன்றாகப் பணி செய்தவர்களுக்கு ஆட்சியர் நற்சான்றிதழ் கொடுப்பார். கடிதம் அதற்கு முன்பே துறையில் இருந்தால் பெயர் எடுக்கும்போது கைக்கு அகப்படும். உங்கள் ஊர்த் தபால்காரர் சிவன் தினமும் 15 கிலோமீட்டர் காட்டில் நடந்து தபால் கொடுத்தவர். 2020ல் அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் நாடு முழுக்க அவரைப் பற்றிப் பேசியது. பணியில் இருக்கும்போது அந்தப் பாதையில் ஒரு வீடு அவருக்கே ஒரு தபால் போட்டிருந்தால், அதையும் அவரேதான் சுமந்து வந்திருப்பார்!

எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அக்காவுக்கு என் எட்டு வயது மகள் எழுத ஆசைப்படுகிறாள். எழுத்துப்பிழையைத் திருத்தவா? (ஊட்டி)

கை வைக்காதீர்கள் அம்மா. அக்காவின் பெயரை மட்டும் கேட்டுச் சரியாக எழுதச் சொல்லுங்கள். அதை அவரிடமே கொடுக்கட்டும். நகராட்சி ஆணையருக்கு நீங்கள் தனியாக எழுதுங்கள். அப்புறம், ஸ்கெட்ச் பேனா வேண்டாம். நம் ஊர்ச் சாரலில் வண்டியில் வைத்த அரை மணி நேரத்தில் கரைந்துவிடும். கிரேயான் கொடுங்கள்.