புதுச் சட்டம் வருமட்டும் ஒம்புட்ஸ்மனிடம் போகாமல் இருக்கலாமா?

கேள்வி: முத்தையன்கட்டில் அப்பாவின் பெயரில் எல்.டி.ஓ. பேர்மிற் காணி (காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) இருக்கிறது. பின்னுரித்தாளராக என்னைப் பதிந்துவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினவர். காணியை நான்தான் செய்து வருகிறேன். பெயர்மாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுத்து மூன்று வருடமாகிறது. பிரதேச செயலகத்தில் கேட்டால் "கோவை மேலே போயிருக்கு" என்ற ஒரே பதில். கச்சேரி அலுவல் பார்த்துத் தரும் ஒருவர், "ஒம்புட்ஸ்மனுக்குப் புதுச் சட்டம் வருகுது, இனி அவர் சொன்னால் அதிகாரிகள் செய்தே ஆகவேணும், 25,000 தந்தால் சட்டம் வந்ததும் உங்களுடையதை முதல் ஆளாகப் போடுறன்" என்கிறார். பேர்மிற்றையும் வாங்கி வைத்திருக்கிறார். காத்திருக்கவா? (ஒட்டுசுட்டான் வாசகி)

பதில்: காத்திருக்க வேண்டாம். காசும் கொடுக்க வேண்டாம். அரச அலுவலர்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போக இன்று இருக்கிற சட்டமே உங்களுக்குப் போதும். ஆனால் அதற்கு முதல் அந்த மனிதரிடமிருந்து பேர்மிற்றைத் திருப்பி வாங்குங்கள். கேட்டும் தராவிட்டால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியோடு "என் அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதி இன்னாரிடம் இருக்கிறது, அதை வைத்து எவர் வந்தாலும் எதையும் ஏற்கவேண்டாம்" என்று பிரதேச செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். வெற்றுத் தாளிலோ, அற்றோணித் தத்துவத்திலோ (உங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கையொப்பம் வைத்திருந்தால் அதையும் அந்தக் கடிதத்தில் சொல்லுங்கள். வன்னியில் பேர்மிற் காணிகள் கைமாறிப் போன கதைகள் பல "போட்டோக்கொப்பி எடுத்துத் தாறன்" என்பதில்தான் தொடங்கியிருக்கின்றன.

இனிச் சட்டம். ஒம்புட்ஸ்மன் என்று நாம் சொல்பவர் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர். 1978 அரசியலமைப்பின் 156 ஆம் உறுப்புரை அவரைப் பற்றிச் சொல்கிறது. பதவியை உருவாக்கிய சட்டம் 1981 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம். தொடக்கத்தில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஊடாகப் பாராளுமன்ற மனுக் குழுவுக்குப் போய்த்தான் அவரிடம் போகலாம் என்று வைத்திருந்தார்கள். 1994 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கத் திருத்தம் வந்த பிறகே சாதாரண குடிமகன் நேரே எழுத முடிந்தது. அரசியலமைப்பில் பெயர் ஏறியதிலிருந்து வாசல் திறக்க 16 வருடம்! இந்த வேகத்தைப் பார்த்த பிறகும் அடுத்த திருத்தத்தை நம்பி உங்கள் கோவையை மேசையில் தூங்கவிடலாமா?

ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வரவேண்டும், பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறவேண்டும். ஏறியபின் குறித்த காலத்துக்குள் எந்தக் குடிமகனும் அதை உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தலாம். பிறகு வாக்கெடுப்பு, சபாநாயகரின் சான்று. அத்தோடும் முடியாது. பல சட்டங்கள் அமலுக்கு வரத் தனியாக ஒரு திகதி தேவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 ஓகஸ்ட் 4 இல் சான்றுப்படுத்தப்பட்டும் 2017 பெப்ரவரி 3 இல்தான் நடைமுறைக்கு வந்தது. "சட்டம் வருகுது" என்று எவர் சொன்னாலும் வர்த்தமானியைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் அவரிடம் இருப்பது வெறும் பேச்சு.

"அவர் சொன்னால் செய்தே ஆகவேணும்" என்ற பேச்சிலும் ஒரு பிசகு இருக்கிறது. 156 ஆம் உறுப்புரை அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை விசாரிப்பதும் அறிக்கையிடுவதும்தான். கட்டளையிடும் அதிகாரத்தை ஒரு சாதாரண திருத்தத்தால் சேர்க்கப் போனால், அரசியலமைப்பின் இந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்ப்பவர்கள் உயர் நீதிமன்றம் போவார்கள். வேல்ஸ் நாட்டில் 2019 இல் இப்படியொரு விரிவாக்கச் சட்டம் வந்தது. முறைப்பாடு வராமலே தாமாக விசாரணை தொடங்கவும், எழுத்தில் இல்லாத முறைப்பாட்டை ஏற்கவும் அங்குள்ள ஒம்புட்ஸ்மனுக்கு அது இடம் கொடுத்தது. நமக்கும் முதலில் வேண்டியவை இவை இரண்டும்தான். ஒரே குடியேற்றத் திட்டத்தில் வரிசையாகப் பல குடும்பங்களின் கோவைகள் தேங்கிக் கிடக்கும்போது, ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொழும்புக்கு எழுதும்வரை அரசு பார்த்துக்கொண்டிருப்பது நியாயமே இல்லை. எழுதத் தெரியாத ஒரு மூதாட்டி பிரதேச செயலகத்திலேயே வாய்ச்சொல்லாக முறைப்பாடு கொடுக்க வழி இருந்தால், உங்களிடம் 25,000 கேட்டவர்களுக்கு அங்கே வேலையே இராது.

இன்றைய நிலைமையில் அவர் உங்களுக்கு என்ன செய்யலாம்? பிரதேச செயலாளரும் காணிக் கிளையும் அரச அலுவலர்கள் என்பதால் அவருடைய எல்லைக்குள் வருகிறார்கள். அவர் பதிவேடுகளைக் கேட்கலாம், ஆட்களை அழைத்து விசாரிக்கலாம். அநீதி நடந்ததாகக் கண்டால் திணைக்களத் தலைவருக்கு விதப்புரை (பரிந்துரை) அனுப்புவார், பிரதி அமைச்சருக்கும் போகும். குறித்த காலத்துக்குள் நடவடிக்கை இல்லையென்றால் சனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் அறிக்கையிடலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெற உங்களுக்கு அரசியலமைப்பிலேயே உரிமை உண்டு. சட்டத்தரணியும் தேவையில்லை. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் விடயங்களில் அவர் தலையிடமாட்டார். உங்களுக்கு வழக்கு எதுவும் இல்லாததால் அந்தச் சிக்கல் இல்லை.

முறைப்பாடு எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது. "கோவை மேலே போயிருக்கு" என்பது பதில் ஆகாது. எந்தத் திகதியில், எந்தக் கடித இலக்கத்தோடு, எந்த அலுவலகத்துக்குப் போனது? இதைப் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லவேண்டியதில்லை. உங்கள் பெயர் பின்னுரித்தாளராக எந்தத் திகதியில் பதியப்பட்டது என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள். இது முக்கியம். அனுமதிக்காரர் உயிரோடு இருக்கும்போதே பதிவான நியமனம்தான் செல்லும். அவர் இறந்து ஆறு மாதத்துக்குள் பின்னுரித்தாளர் காணிக்குள் இருக்கவேண்டும் என்பதும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் உண்டு. நீங்கள் செய்து வருகிறீர்கள் என்பதற்குக் கமநல சேவை நிலையத்தின் உரப் பதிவு, கமக்காரர் அமைப்பின் கடிதம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். தகவல் அலுவலருக்கு 14 வேலை நாள் இருக்கிறது. பதில் இல்லாவிட்டால் அதற்கடுத்த 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். பல சமயம் இந்தக் கடிதம் போனவுடனேயே காணாமற்போன கோவை அகப்பட்டுவிடும்.

பிறகு ஒம்புட்ஸ்மனுக்கு ஒன்றரைப் பக்கம் போதும். உங்கள் பெயர், முகவரி, அனுமதிப்பத்திர இலக்கம், எந்த அலுவலகம், எந்தத் திகதியில் விண்ணப்பித்தீர்கள், அதன்பின் எந்தெந்தத் திகதியில் போய்க் கேட்டு என்ன பதில் கிடைத்தது, இதனால் என்ன நட்டம். கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள்: பெயர்மாற்றத்தை முடித்துத் தரவோ, முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தரவோ விதப்புரை செய்யும்படி கேளுங்கள். ஆவணங்களின் நிழற்பிரதிகளை மட்டும் இணையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் பின்னால் ஒட்டி வையுங்கள். வரும் பதிலில் ஒரு கோவை இலக்கம் இருக்கும். அடுத்து எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் மேலே அதைப் போடுங்கள். போடாவிட்டால் உங்கள் கடிதம் புதிய முறைப்பாடாகப் பதிவாகி மறுபடியும் வரிசையின் வாலில் நிற்கும்.

இடைத்தரகர்கள் எழுதும் மனுக்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். எட்டுப் பக்கம் எழுதுவார்கள். இடம்பெயர்வு, அரசியல், அதிகாரியின் சாதி, குடும்பம் எல்லாம் அதற்குள் வரும். அடியில் சனாதிபதி முதல் ஆளுநர் வரை ஒரு டசின் பிரதி. ஒவ்வொரு அலுவலகமும் மற்றது பார்த்துக்கொள்ளும் என்று கோவையில் போட்டு மூடிவிடும். உங்கள் குறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடவே வாசிப்பவருக்குப் பொறுமை இராது. அதிகாரியைத் திருடன் என்று எழுதினால், தாமதத்தைப் பற்றிய நல்ல முறைப்பாடு ஒன்று நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டாக மாறிவிடும். இன்னொரு ஏமாற்று: வங்கி, லீசிங் முறைப்பாடுகளைப் பார்ப்பவர் நிதி ஒம்புட்ஸ்மன். அவர் வேறு ஆள், வேறு அலுவலகம். பெயர் ஒன்றென்பதை வைத்து இரண்டுக்கும் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஒரு விதிவிலக்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் திருத்த வழியில்லை. இதுவரை உங்களுக்குத் தாமதம்தான். நாளைக்கே "உமது விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது" என்றோ, காணியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகவோ கடிதம் வந்தால் நிலைமை மாறிவிடும். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக 126 ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. ஒம்புட்ஸ்மனிடம் முறைப்பாடு செய்து பதிலுக்கு இருந்தால் அந்த ஒரு மாதம் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு கணக்கில் சேர்க்காது. இரண்டும் விசாரிக்கிற அமைப்புகள், இரண்டும் விதப்புரைதான் செய்யும், ஆனால் ஒன்றிடம் போனால் காலம் நிற்கிறது, மற்றதிடம் போனால் நிற்காது. ஏழைக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? சட்டத்தை விரிவுபடுத்துகிறவர்கள் முதலில் அடைக்கவேண்டிய ஓட்டை இதுதான். இன்னும் ஒரு முடிச்சு: ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்ததற்கான துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையிலேயே நடந்தது என்று காட்டவேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே நிராகரிப்புக் கடிதம் வந்தால் உறையைக் கிழித்து எறியாதீர்கள், தபால் முத்திரையின் திகதி வேண்டும். அந்த வாரமே வவுனியாவிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். விசாரணைத் திகதியை எழுத்தில் கேளுங்கள். கூடவே சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியையும் பாருங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு அது இலவசம். அரச காணி விடயத்தில் எழுத்தாணை மனுவை (அதிகாரிக்குக் கட்டளையிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மனு) மாகாண மேல் நீதிமன்றத்தில் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2013 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குரியது.

ஒம்புட்ஸ்மனின் விதப்புரை உங்கள் பக்கம் வந்தும் பிரதேச செயலகம் அசையாவிட்டால், அதே கோவை இலக்கத்தோடு அவருக்கே திரும்ப எழுதுங்கள்: இன்ன திகதி விதப்புரை நிறைவேற்றப்படவில்லை, ஆகவே சனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் அறிக்கையிடும்படி வேண்டுகிறேன் என்று. இரண்டு வரி போதும். இந்த அதிகாரம் 1981 சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் கேட்காமல் அது தானாக அசையும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.