'போர்க்கள வீடு' என்றால் என்ன? ஒரு குடும்பத்தின் வீடு எப்படிப் போருக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது?

குடியிருக்கக் கட்டிய வீடு. பிறகு அதன் முற்றத்திலேயே சண்டை நடந்துவிடுகிறது. அதுதான் போர்க்கள வீடு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஃபிராங்க்ளின் ஊரிலுள்ள கார்ட்டர் வீடு அப்படிப்பட்டது. 1830இல் கட்டிய செங்கல் வீடு.

காரணம், அது இருந்த இடம். சாலையோரம், சிறு மேடு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஆற்றைக் கடந்து நாஷ்வில் நகருக்குப் போக வேண்டிய வடக்குப் படை (ஒன்றிய அரசின் படை), பாலங்கள் தயாராகும்வரை அங்கே அரண் அமைத்தது. தெரு முனை வீட்டில் மழைவெள்ளம் முதலில் புகுவதைப் போலத்தான் இதுவும்.

1864 நவம்பர் 30 அன்று சண்டை. கார்ட்டர் குடும்பம், அண்டை வீட்டார், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் எல்லோரும் நிலவறையில் ஒடுங்கியிருந்தார்கள். அந்த வீட்டு மகன் டாட் கார்ட்டர், வடக்குப் படையை எதிர்த்த தெற்குப் படையில் இருந்தார். சொந்த வீட்டை நோக்கிப் பாய்ந்தவர், கூப்பிடு தூரத்தில் குண்டடிபட்டு விழுந்தார். வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாளில் இறந்தார். எனக்கு இந்த இடம் எப்போதும் மனதைப் பிசையும். குண்டு துளைத்த ஓட்டைகள் இன்றும் சுவர்களில் இருக்கின்றன.

அப்புறம், இதைக் கோட்டை என்று நினைத்துவிடாதீர்கள். இது பண்ணைக் குடும்பம் ஒன்று வாழ்ந்த வீடுதான்.