நிஜப் பியானோவைப் போன்ற தொடுகை உள்ள டிஜிட்டல் கீபோர்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பத்து வயது மகளுக்குப் பியானோ கற்பிக்க விரும்புவதாகவும், 88 கட்டைகள் கொண்ட ‘வெயிட்டட்’ (கட்டைகள் கனமாக உள்ள) கீபோர்டுகளில் எதன் தொடுகை நிஜப் பியானோவுக்கு நெருக்கமானது என்று தெரியவில்லை என்றும், ‘முதலில் சாதாரண 61 கட்டை ஒன்றை வாங்குவோம், பிள்ளைக்கு ஆர்வம் நிலைத்தால் மாற்றிக்கொள்வோம்’ என்று கணவர் சொல்வதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி இல்லாமல் இருந்திருந்தால் நான் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். உங்கள் கணவர் சொல்வதையே சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல் செய்தும் முடித்தேன்.

நான் பியானோ கலைஞன் அல்லன். நாசரேத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஆர்மோனியம் வாசிக்கிற வீட்டில் பிறந்தவன். என் தாத்தாவும் அப்பாவும் எங்கள் ஊர்க் கோயிலில் (தேவாலயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் வாசித்தவர்கள். நல்ல ஆர்மோனியத்துக்கு அப்பா வைத்திருந்த இலக்கணம் ஒன்றே ஒன்றுதான்: “விரல் பட்டாப் போதும், கட்டை பேசணும்லா.” கட்டை கனமாக இருந்தால் அது மட்டமான பெட்டி, அல்லது உள்ளே ஸ்பிரிங் முறுக்கிக்கொண்ட பெட்டி. ஆர்மோனியத்தைப் பொறுத்தவரை இது முழு உண்மை. அதில் கட்டை என்பது காற்றுக்குத் திறந்து மூடுகிற கதவு மட்டுமே. ஓசையைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தி போடுகிற இடது கையின் வேலை. வலது கை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அந்தச் சுரம் அதற்காக உரக்கப் பேசாது.

இந்த இலக்கணத்தைத் தலையில் சுமந்துகொண்டுதான், மகளுக்கு எட்டு வயது நடந்தபோது, கீபோர்டு வாங்கக் கடைக்குப் போனேன். வரிசையாக வைத்திருந்த பெட்டிகளில் கட்டையை அமுக்கிப் பார்த்து, எல்லாவற்றிலும் இலேசானதைத் தேர்ந்தெடுத்தேன். 61 கட்டைகள், நூற்றுக்கணக்கான டோன்கள் (வெவ்வேறு கருவிகளின் ஒலிகள்), அதே அளவுக்கு ரிதம்கள் (தானாக ஓடும் தாளங்கள்), ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய எடை. பிள்ளையும் மூன்று ஆண்டுகள் அதில் கற்றாள். அவள் வாசித்ததைக் கேட்டு ஊரில் உள்ளவர்கள் பாராட்டினார்கள். ‘தாத்தா விரல்’ என்று சொன்னார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு பாளையங்கோட்டைக்குக் குடிவந்தோம். ஊசிக் கோபுரம் என்று அழைக்கப்படும் தேவாலயத்துக்கு நடந்து போகிற தூரத்தில், ஓய்வு பெற்ற இசை ஆசிரியை ஒருவர் வீட்டில் நிமிர்ந்த வடிவப் பழைய பியானோ ஒன்று இருந்தது. முதல் நாள் மகள் அதன் முன் அமர்ந்து, தனக்கு நன்றாகத் தெரிந்த பாமாலை ஒன்றை வாசித்தாள். மூன்று சுரங்களைச் சேர்த்து அமுக்கிய இடங்களில் இரண்டுதான் கேட்டன. மோதிர விரலும் சுண்டு விரலும் தொட்ட கட்டைகள் பாதி இறங்கி, ஓசையே எழாமல் மேலே வந்தன. கேட்ட இடங்களிலோ இடது கையின் துணைச் சுரங்கள் ஓங்கி, பாட்டின் மெட்டு அடியில் அமிழ்ந்துபோயிற்று. பிள்ளை பாதியிலேயே நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

“தம்பி, பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்ல. நீங்க வாங்கிக் குடுத்த பெட்டிதான் அவ விரல வளரவிடல” என்றார் ஆசிரியை.

அவர் பியானோவின் மேல்மூடியைத் திறந்து உள்ளே காட்டியபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஒவ்வொரு கட்டையும் ஒரு நெம்புகோல். நாம் முன்முனையை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அமுக்கும்போது, மறுமுனை, கம்பளி போர்த்திய சிறிய மரச் சுத்தியலைத் தந்தியை நோக்கி எறிகிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. அதன் பிறகு நாம் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. ஆகவே ஓசையின் அளவைத் தீர்மானிப்பது சுத்தியலை எவ்வளவு வேகமாக எறிந்தோம் என்பதுதான். 1700-ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி இந்தக் கருவியைச் செய்ததன் காரணமே இதுதான். ‘பியானோஃபோர்ட்டே’ என்ற பெயருக்கே ‘மெல்ல, உரக்க’ என்றுதான் பொருள். ஆர்மோனியத்தில் துருத்தி செய்கிற வேலை இங்கே பத்து விரல்களுக்கும் தனித்தனியே பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இலேசான கட்டையில் பழகிய விரலுக்கு அந்த வேலை இருப்பதே தெரியாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடைகளில் நீங்கள் முதலில் சந்திக்கப்போவது சொற்குழப்பம். நான் இரண்டாம் முறை கடைக்குப் போய் ‘வெயிட்டட்’ வேண்டும் என்று கேட்டபோது, அங்கிருந்த பையன், “எல்லாத்துலயும் டச் இருக்கு அண்ணாச்சி” என்று பழைய வகையையே மறுபடி காட்டினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ‘டச்’ என்பது வேகமாக அடித்தால் உரக்கவும், மெதுவாக அடித்தால் மெல்லவும் ஒலிக்கும் என்பது மட்டுமே. கட்டை ஸ்பிரிங்கில் நிற்கிற இலேசான கட்டையாகவே இருக்கலாம். ‘செமி வெயிட்டட்’ என்பது பெரும்பாலும் அதே ஸ்பிரிங்கைச் சற்று விறைப்பாக்கியது. உங்களுக்கு வேண்டியது ‘ஹேமர் ஆக்‌ஷன்’, அதாவது கட்டையோடு சேர்ந்து உண்மையிலேயே ஓர் எடை உள்ளே எழுந்து விழுகிற அமைப்பு. அதிலும் ‘கிரேடட்’ என்று இருந்தால், நிஜப் பியானோவில் உள்ளதுபோல இடப்பக்கக் கட்டைகள் சற்றுக் கனமாகவும் வலப்பக்கக் கட்டைகள் சற்று இலேசாகவும் இருக்கும். பெட்டியின் எடையே முதல் சல்லடை: 88 கட்டைகள் இருந்தும் மொத்தம் ஏழு கிலோதான் என்றால் உள்ளே சுத்தியல் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். சுத்தியல் உள்ள பெட்டிகளில் யமஹா பி-45 11.5 கிலோ, ரோலண்ட் எஃப்பி-10 ஏறத்தாழ 12 கிலோ.

கடையில் முதலில் ஒலியை முற்றிலும் அணைத்துவிடச் சொல்லுங்கள். இனிமையான ஒலி காதில் விழுந்துவிட்டால் விரல் சொல்வதை மனம் கேட்காது. நிஜப் பியானோவின் நடுக் கட்டை ஒன்றைக் கீழே இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை போதும். பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.7 கிராம், கட்டையின் முன் விளிம்பில் ஆறு அல்லது ஏழு நாணயங்களை அடுக்கி வைத்தால் கிட்டத்தட்ட அந்த எடை வந்துவிடும். ஒன்றிரண்டிலேயே கட்டை இறங்கிவிட்டால் அதை விட்டுவிடுங்கள். பத்துக்கும் மேல் வைத்தும் அசையவில்லை என்றால் சிறு பிள்ளையின் விரலுக்கு அது மிகை. (நான் சட்டைப் பையிலிருந்து நாணயங்களை எடுத்து அடுக்கியதைப் பார்த்த கடைக்காரர், பத்து ரூபாய்க் காசு இங்கே வாங்குவதில்லை என்றார்.) ஆனால் நாணயம் முழு உண்மையைச் சொல்லாது. ஸ்பிரிங் கட்டை ஆழம் போகப் போக விறைக்கும். சுத்தியல் கட்டையோ தொடக்கத்தில் தயங்கி, பிறகு தன் கனத்தாலேயே நம்மோடு வரும். இந்த வேறுபாட்டை விரல்தான் அறியும். ஒரு முறை நிஜப் பியானோவைத் தொட்டுவிட்டு அதே நாளில் கடைக்குப் போவது மிகவும் நல்லது.

அடுத்து, கட்டையின் உட்பக்கத்தில், கறுப்புக் கட்டைகளுக்கு இடையே, விரலை வைத்து அமுக்கிப் பாருங்கள். நம் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கட்டை சுமார் 15 சென்டிமீட்டர்தான். நிஜப் பியானோவில் அது பலகைக்குப் பின்னாலும் நெடுந்தூரம் போய்த் தன் அச்சில் அமர்கிறது. டிஜிட்டல் பெட்டிகளில் இந்த மறைந்த பகுதியைச் சுருக்கிவிடுவதால், உட்பக்கம் அமுக்கும்போது கட்டை திடீரென்று கனக்கும். பெட்டி எவ்வளவு ஒல்லியோ, அவ்வளவுக்கு இந்தக் குறை கூடும். காசியோ பிஎக்ஸ்-எஸ்1000 போல ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் முன்பின் அகலத்துக்குள் அடங்கும் பெட்டிகளைப் பற்றி வாசிப்பவர்கள் அதிகம் பேசுவது இதைத்தான். அந்த ஒல்லியே வசதி என்று கருதுகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை.

பிறகு ஒலியைத் திறந்து, ஒரே கட்டையை முழுவதும் மேலே வரவிடாமல் விரைவாகத் திரும்பத் திரும்ப அடியுங்கள். கட்டைக்கு அடியில் உள்ள இரண்டு உணரிகளை (சென்சார்களை) அது அடுத்தடுத்துக் கடக்க எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் இந்தப் பெட்டிகள் வேகத்தைக் கணக்கிடுகின்றன. மூன்றாவது உணரி இருந்தால் கட்டை பாதி எழும்பியதுமே மறுபடி ஒலிக்கும். தொடக்கத்தில் இது பெரிதாகத் தேவைப்படாது; ஐந்து ஆண்டுகள் கழித்துத் தேவைப்படும். மிக மெதுவாக அமுக்கும்போது வழியில் ஒரு சிறு ‘படி’ தட்டுப்பட்டால், அது நான் மேலே சொன்ன, சுத்தியல் விடுபடும் தருணத்தின் பாவனை. எஃப்பி-10 போன்ற தொடக்க விலைப் பெட்டியிலேயே அது இருக்கிறது. பி-45இலும், 2023இல் அதன் இடத்துக்கு வந்த பி-145இலும் இல்லை. இருந்தால் நல்லது, இல்லை என்பதற்காக நல்ல கட்டையைத் தள்ளிவிட வேண்டாம்.

நான் கடைசியில் எதை வாங்கினேன் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன் என்று ஒருவரும், அதைவிட இன்னொன்று மேல் என்று பத்துப் பேரும் வருவார்கள். ‘நிஜப் பியானோவையே வாங்கலாமே’ என்று சொல்பவர்களுக்கு மட்டும் ஒன்று: மாடி வாடகை வீட்டுக்கு 200 கிலோ பெட்டியை ஏற்ற வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், ஆண்டுக்கு இருமுறை சுருதி சேர்க்க ஆள் வர வேண்டும், கரையானும் கருணை காட்ட வேண்டும். மேடையில் இலேசான கட்டைகளில் அற்புதம் செய்கிற கலைஞர்களையும் நான் மறுக்கவில்லை. ஆர்கன் ஒலிக்கும் சிந்தசைசர் ஒலிக்கும் அதுவே பொருத்தம்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கீபோர்டு வாங்கியபோது, கட்டையின் தொடுகையைப் பாருங்கள் என்று குழுவில் சொன்னேன். ரிதம் எத்தனை என்றுதான் எண்ணினார்கள். நான்கு குரலில் பாடிக்கொண்டிருந்த பாடகர் குழு, இப்போது பொத்தானை அமுக்கினால் ஓடுகிற தாளத்துக்குப் பின்னால் ஓடுகிறது. மெல்ல வாசிக்க வேண்டிய வரி எது என்று அந்தப் பெட்டிக்கும் தெரியாது, வாசிப்பவருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. இலேசான கட்டையைப் பார்த்து வாங்கியவன்தானே நீயும் என்று கேட்டால், ஆமாம், அதனால்தான் சொல்கிறேன்.

பெட்டிக்கு ஒதுக்கிய பணம் முழுவதையும் பெட்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். குறுக்குக் கால் தாங்கியில் 12 கிலோ பெட்டியை வைத்து அழுத்தி வாசித்தால் அது ஆடும். நான் ஆசாரியிடம் சொல்லி, கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 73 சென்டிமீட்டர் வரும்படி வேப்பமரத்தில் மேசை செய்துகொண்டேன். பெட்டியோடு வருகிற சிறு பிளாஸ்டிக் பெடல் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். பியானோ பெடல் வடிவில் உள்ள கனமானதைத் தனியே வாங்குங்கள்.

மகளுக்கு விரல் திருந்த எட்டு மாதங்கள் ஆயின. முதல் இரண்டு மாதம் மணிக்கட்டு வலிக்கிறது என்று அழுதாள். ஆசிரியை ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வாசிக்கவிடவில்லை. புதிதாகத் தொடங்கும் உங்கள் மகளுக்கு இந்தத் துன்பமே இராது. உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அந்த 61 கட்டைப் பெட்டியை நான் விற்கவில்லை, பரணில் இருக்கிறது. டிசம்பரில் கேரல் குழுவோடு வேனில் ஏறி, பேட்டரியில் இரவு முழுவதும் தெருத்தெருவாகப் பாடுகிறது. அந்த வேலைக்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது.