தூரத்தை விடுங்கள், ஏற்றத்தைக் கேளுங்கள்: சைக்கிள் கேள்வி-பதில்

கேள்வி: சமதளத்தில் 60 கி.மீ. அலுப்பில்லாமல் ஓட்டுவேன். அதே 60 கி.மீ. சிறு குன்றுகள் நிறைந்த கிராமச் சாலைகளில் போனபோது பாதியிலேயே கால் துவண்டுவிட்டது. வழியில் பெரிய மலை ஒன்றுகூட இல்லை. ஏன் இப்படி?

பெரிய மலை இல்லாததுதான் சிக்கலே! மலை என்றால் ஒருமுறை ஏறுவீர்கள், ஒருமுறை இறங்குவீர்கள், முடிந்தது. குன்றுப் பகுதி அப்படி விடாது. ஓடை வரை இறங்கு, எதிர் மேட்டில் ஏறு, மறுபடி இன்னொரு ஓடை. ஒவ்வொரு ஏற்றமும் நாற்பது, ஐம்பது மீட்டர்தான். ஆனால் ஏறியதெல்லாம் கணக்கில் கூடிக்கொண்டே போகும். இறங்கினோம் என்பதற்காக எதுவும் கழியாது.

நெதர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான நாடு என்றுதான் பெயர். ஐரோப்பாவில் இருக்கும் நெதர்லாந்தின் மிக உயரமான இடமே ஃபால்சர்பெர்க் குன்று, 322 மீட்டர். அது இருக்கும் தென்கோடி லிம்பர்க் பகுதியில்தான் ஆம்ஸ்டல் கோல்டு ரேஸ் நடக்கிறது. 1966-இல் தொடங்கிய இந்தப் போட்டியில் ஆண்களுக்குச் சுமார் 250 கி.மீ. தூரம், 30-க்கும் மேற்பட்ட குட்டி ஏற்றங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 3,000 மீட்டரைத் தாண்டுகிறது. உலகின் தலைசிறந்த வீரர்கள் அங்கே வரிசையாகக் களைத்து உதிர்வதைப் பார்த்தவர்கள் யாரும் ‘வெறும் மேடுதானே’ என்று சொல்ல மாட்டார்கள்.

‘ஏற்றத்தில் விட்ட நேரத்தை இறக்கத்தில் பிடித்துவிடலாம்’ என்பார்கள். முடியாது. 1 கி.மீ. ஏற்றத்தை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறினால் 6 நிமிடம். இறக்கத்தில் 40-இல் பறந்தாலும் ஒன்றரை நிமிடம். இரண்டு கி.மீ.க்கு ஏழரை நிமிடம், அதாவது சராசரி 16. இறக்கத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே போய்விட்டால்கூட சராசரி 20-ஐ எட்டாது.

அதனால் இனி யாராவது ஒரு பாதையைச் சொன்னால் ‘எத்தனை கிலோமீட்டர்’ என்பதோடு ‘எத்தனை மீட்டர் ஏற்றம்’ என்றும் கேளுங்கள். ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு கி.மீ.க்கு 5 மீட்டருக்குள் இருந்தால் சமதளம் மாதிரிதான். 10-ஐ நெருங்கினால் நல்ல வேலை இருக்கிறது. 15-ஐத் தாண்டினால் வழக்கமாகப் போகும் தூரத்தில் பாதியை வைத்துத் திட்டமிடுங்கள். இது என் சொந்த அளவுகோல். உங்கள் காலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. மேடு கண்ணில் பட்டதும் எழுந்து நின்று மிதித்திருப்பீர்கள். சின்ன மேட்டுக்கு அந்தப் புத்தி எல்லோருக்கும் வரும். முதல் பத்து மேட்டில் ஒன்றும் தெரியாது. அப்புறம்தான் தெரியும்.

கேள்வி: ஒரே பாதைக்கு ஒரு செயலி 640 மீட்டர் ஏற்றம் என்கிறது, இன்னொன்று 870 என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் முழுசாக நம்ப வேண்டாம். செயலிகள் பல உயரக் கணக்குக்கு நம்பியிருப்பது விண்வெளியிலிருந்து எடுத்த தரவுகளை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் வைத்து பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை அளந்தது. அருமையான வேலைதான். ஆனால் அது கட்டம் கட்டமாக எடுத்த அளவு, உங்கள் சாலையை அளந்தது அல்ல. அடர்ந்த தோப்பு இருந்தால் மர உச்சியும் உயரத்தில் சேர்ந்துவிடும். மேட்டை வெட்டிப் போட்ட சாலையும், பள்ளத்தைத் தாண்டும் பாலமும் அதற்குத் தெரியாது. நீங்கள் நேராகப் பாலத்தில் போவீர்கள், செயலியோ உங்களை ஆற்றுக்குள் இறக்கி ஏற்றிக் கணக்கு எழுதும். இந்தச் சின்னப் பிழைகளை எவ்வளவு தூரம் வடிகட்டுவது என்பதில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு வழி. குன்றுப் பகுதியில் வித்தியாசம் பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

காற்றழுத்தமானி உள்ள சைக்கிள் கம்ப்யூட்டர் பொதுவாக இதைவிட நன்றாகச் சொல்லும், வானிலை நடுவில் மாறாத வரை. எதுவும் இல்லையா? ஒரே செயலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது சொல்லும் 640, போன வாரம் அது சொன்ன 500-ஐவிட எவ்வளவு கூட என்பது போதும்.

கேள்வி: மற்றவர்கள் போட்ட பாதையில் போய் அலுத்துவிட்டது. நானே வரைய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஓடைகளிலிருந்து. வரைபடத்தில் முதலில் நீரோட்டங்களைப் பாருங்கள், சாலைகளை அப்புறம் பார்க்கலாம். ஆற்றை ஒட்டியே போகும் சாலை பெரும்பாலும் மெல்லத்தான் ஏறும். மேட்டு முதுகின் மேலேயே ஓடும் சாலையும் அப்படித்தான். ஏறிய உயரத்தைச் சீக்கிரம் விட்டுக்கொடுக்காது, பார்க்கவும் நிறைய இருக்கும். ஓடைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் சாலைதான் காலை வாங்கும். எத்தனை ஓடையைக் கடக்கிறதோ அத்தனை இறக்கம், அத்தனை ஏற்றம். சமஉயரக் கோடுகள் தெரியும் வரைபடமாக இருந்தால் இன்னும் நல்லது. கோடுகள் நெருங்கிய இடத்தில் சாலை அவற்றைச் செங்குத்தாக வெட்டினால் அங்கே இறங்கித் தள்ள நேரலாம்.

தண்டவாளம் எடுத்துவிட்டுப் பாதையாக்கிய பழைய ரயில் தடம் பக்கத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அந்தத் தடங்கள் 2, 3 சதவீதச் சரிவுக்கு மேல் போவது அபூர்வம். களைத்த காலோடு திரும்பி வர அதைவிட நல்ல வழி கிடையாது.

பாதையை ஒரே பெரிய வளையமாகப் போடாமல் எட்டு வடிவில் போடுங்கள். நடுவில் கோடுகள் சந்திக்கும் இடத்தில் ‘இன்றைக்கு இது போதும்’ என்று வீட்டுக்குத் திரும்பலாம். கடினமான ஏற்றங்கள் முதல் பாதியில் வரட்டும். எதிர்க்காற்றையும் போகும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் போகும் சாலையைப் பளிச்சென்று காட்டும் ‘ஹீட்மேப்’ ஒன்று, சைக்கிள் பயணங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் இருக்கிறது. எனக்கு அதன் மேல் பெரிய மதிப்பில்லை. வேகப் பயிற்சிக்காக நெடுஞ்சாலையில் போகிறவர்களும் அதில்தான் இருக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மங்கலாகத் தெரியும் சாலைகளை. செயற்கைக்கோள் படத்தில் தார் இருக்கிறதா, மண்ணா என்று மட்டும் உறுதி செய்துகொண்டால் சரி.

பெல்ஜியத்திலும் ஒரு லிம்பர்க் உண்டு, அங்கே இதற்கு வேறொரு வழி கண்டார்கள். ஹ்யூகோ போலன் என்ற முன்னாள் சுரங்கப் பொறியாளர் 1995-இல் சைக்கிள் பாதைச் சந்திப்புகளுக்கெல்லாம் எண் போட்டார். 12, 47, 93 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு பலகைகளைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம், போனே வேண்டாம். உங்கள் முதல் பாதைக்கு நீங்களும் சந்திப்புகளை வரிசையாகச் சீட்டில் எழுதிப் பாருங்கள். பாதை மனதில் பதியும்.

கேள்வி: வயது 52. ஏற்றம் வந்தால் ஆகக் குறைந்த கியருக்குப் போய்விடுவேன். கூட வரும் இளைஞர்கள் கேலி செய்கிறார்கள். பெரிய கியரில் பழக வேண்டுமா?

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, உங்களால் 150 வாட் நிலையாகத் தர முடியும் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத ஏற்றத்தில் வேகம் மணிக்கு ஆறரை கி.மீ. அளவில்தான் இருக்கும். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் நிமிடத்துக்கு 50 சுற்றுக்கு மேல் மிதிக்கலாம். பின்னால் 25 பல்தான் என்றால் 38 சுற்று. முட்டி எதைத் தாங்கும்?

டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெக்ரான்ஜ், கியர் மாற்றுவதெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று எழுதியவர். அந்தப் போட்டியில் டிரெய்லியர் கியருக்கு, அதாவது சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கியருக்கு, அனுமதி கிடைக்க 1937 வரை ஆனது. தெக்ரான்ஜின் காலத்திலேயே, அதே நாட்டில், வெலோசியோ என்ற பெயரில் எழுதிய பால் தெ விவி பல கியர் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். வீம்புக்காக ஒருபோதும் மிதிக்காதே என்பதும் அவர் சைக்கிள்காரர்களுக்குச் சொன்ன விதிகளில் ஒன்று. உங்கள் வயதுக்கு இருவருமே உங்கள் கட்சிதான்!

கேள்வி: ஏறுவதில் பிரச்சினை இல்லை. கிராமச் சாலை இறக்கங்கள்தான் பயமாக இருக்கின்றன.

பயப்படுங்கள், அது நல்லதுதான். மேட்டின் உச்சியைத் தாண்டியதும் என்ன இருக்கிறது என்று தெரியாது: மாடு, டிராக்டர், வயலிலிருந்து சாலைக்கு வந்த சேறு. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் உங்கள் வேகம்.

பிரேக்கை வளைவுக்கு முன்பே, சைக்கிள் நிமிர்ந்து இருக்கும்போதே பிடித்து முடியுங்கள். வளைவுக்குள் சாய்ந்த பிறகு அழுத்திப் பிடித்தால் வழுக்கும். கைகள் ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் இருந்தால் பிரேக் முழுசாகக் கைக்குள் இருக்கும். பார்வை வளைவு முடியும் இடத்தில் நிற்கட்டும். குழியையே பார்த்தால் குழிக்குள்தான் போவீர்கள். டயர் 25 மி.மீ. என்றால், சைக்கிள் ஃபிரேமில் இடம் இருக்கிற பட்சத்தில் 28 அல்லது 32-க்கு மாறி, காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். கரடுமுரடான சாலையில் உடனே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பதா, நிற்பதா?

இறக்கம் என்றால் போய்விடலாம். ஏற்றத்தில் நாய்தான் ஜெயிக்கும். இறங்குங்கள், சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தி அதட்டியபடி மெல்ல நடங்கள். ஓடுவது நின்றதும் நிறைய நாய்களுக்கு ஆர்வம் போய்விடும்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர். ஒவ்வொரு மேட்டிலும் சிதறிப்போகிறோம். சேர்ந்தே ஓட்ட என்ன வழி?

மேட்டில் சேர்ந்து ஓட்ட முயலாதீர்கள். அவரவர் வேகத்தில் ஏறட்டும், உச்சியில் சாலையை விட்டு ஒதுங்கி நின்று காத்திருங்கள். ஒன்று மட்டும்: கடைசி ஆள் வந்து சேர்ந்த நொடியே கிளம்பிவிடாதீர்கள். முதலில் வந்தவர்கள் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்திருப்பார்கள், அவருக்கும் மூச்சு வாங்க நேரம் கொடுங்கள்.